செய்யாத கேசரி

கடைக்காரர் ஒன்றை ‘ஃப்ரீ’ என்று சொன்னால், அதை யாரோ எங்கோ சுமந்துகொண்டு நடக்கிறார்கள் என்று பொருள். மேற்குத் தாம்பரத்தில் அந்தக் கடையில் கிரில் வைத்த மைக்ரோவேவ் ஓவன் வாங்கியவர்களுக்கு இரண்டு ஃப்ரீ உண்டு. ஒன்று, மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்கள் மூன்று. இன்னொன்று, ஏஞ்சல்.

ஏஞ்சல் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் டெமோ காட்டுவாள். நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, பையில் ரவை, சர்க்கரை, கனமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்று. மைக்ரோவில் என்ன வைக்கலாம், கிரில்லில் என்ன கூடாது, இரண்டும் சேர்ந்து ஓடுகிற காம்பியில் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கேசரி கிளறுவாள், அப்பளம் சுடுவாள், தட்டில் வைத்து நீட்டுவாள். முடிந்ததும் வாடிக்கையாளரின் போனுக்கு நான்கு இலக்க எண் வரும். அதற்குப் பெயர் ‘ஹேப்பி கோடு’. அவர்கள் அதைச் சொல்ல, இவள் தன் போனில் அடிக்க, டெமோ நடந்ததாகக் கம்பெனியில் பதிவாகிவிடும். யார் ஹேப்பி என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு நாளைக்கு ஐந்து வீடு. காலையில் திருநீர்மலை, அடுத்து மறைமலை நகர், அதற்கடுத்து திரும்பவும் பெருங்களத்தூர் என்று லிஸ்ட் போட்ட புண்ணியவான் ஜி.எஸ்.டி. ரோட்டைப் படத்தில் மட்டும் பார்த்திருக்க வேண்டும். அதனால்தான் டெமோப் பெண்கள் போனிலேயே பேசிக் கோடு வாங்கிக்கொள்ளும் பழக்கம் வந்தது. ஏஜென்சிக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத வரை எல்லோருக்கும் சௌகரியம். போன மாதம் கங்கம்மா அப்படி ஒரு கோடு வாங்கி மாட்டிக்கொண்டாள். ஆறு வருடம் வேலை பார்த்தவள். நின்ற இடத்தில் அவள் போட்டிருந்த நீலக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

ஏஞ்சலால் அப்படிப் போக முடியாது. இதற்கு முன் அவள் மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகப் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவள். கால் நரம்பு சுருண்டு புடைத்த பிறகு, இனி மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படி நிற்காமல் சோறு போடுகிற வேலை என்று அவளுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். வீட்டில் சம்பாதிக்கிற ஆளும் அவள் ஒருத்திதான்.

பெருங்களத்தூரில் புதிதாக எழுந்த அடுக்குமாடியில் நான்காவது மாடி வீடு. ஓவன் வாங்கியது கேஷவ். பகலில் வீட்டில் இருப்பவர் என்பதால் அவன் கொடுத்திருந்தது அம்மா திரிபுரசுந்தரியின் போன் நம்பர். ஏஞ்சல் திருநீர்மலை பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போன் செய்து, டெமோவுக்கு வரலாமா மேடம் என்று கேட்டாள். யார் பேசறது என்றார் மாமி. ஏஞ்சல் பெயரைச் சொன்னாள்.

மறுமுனையில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியை ஏஞ்சல் வாடகை வீடு தேடிய நாட்களிலிருந்தே நன்றாக அறிவாள்.

“வந்து எங்க அடுப்படியில சமைச்சுக் காட்டுவியா?” என்று கேட்டார் மாமி.

ஆமாம், முடிந்ததும் உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் போதும் என்றாள் ஏஞ்சல்.

நல்ல வியாபாரி சரக்கு பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். மாமியும் அதையே சொன்னார். “உனக்கு எதுக்கும்மா இந்த வெயில்ல அலைச்சல்? எங்களுக்கு எல்லாம் தெரியும். நம்பர் ஒண்ணு வரும்னியே, அதைச் சொல்லிடறேன், எழுதிக்கோ.”

மாமிக்கு அடுப்படி மிச்சம். ஏஞ்சலுக்கு ஒரு மணி நேரம் மிச்சம். கங்கம்மா நினைவுக்கு வரத்தான் செய்தாள். ஆனால் லிஸ்டில் இன்னும் மூன்று வீடு இருந்தது, கால் வலித்தது, பஸ்ஸும் வந்துவிட்டது. ஏஞ்சல் டெமோ முடிந்ததாகத் தன் போனில் தட்டி, மாமிக்கு வந்த எண்ணை வாங்கிக்கொண்டாள். மாமி ஓவன் கதவில் சந்தனம் குங்குமம் வைத்தார். கூட வந்த விளக்கப் புத்தகத்தை உறை பிரிக்காமல் வாரண்டி அட்டையோடு பூஜை அலமாரியில் பத்திரப்படுத்தினார். இரண்டு பக்கமும் திருப்தியாக முடிந்த பேரம் அது. விலை கொடுக்க வேண்டியவள் மட்டும் அப்போது ஆபீசில் இருந்தாள்.

அவள் மருமகள் ஸ்நேகா. கல்யாணமாகி ஆறு மாதம். சிறுசேரியில் வேலை. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பனீரையும் குடமிளகாயையும் எண்ணெய் விட்டுப் பிசறி, மேலே சிவக்க வேண்டும் என்று காம்பியில் வைக்க நினைத்தாள். அசட்டையான பெண் இல்லை. ஓவனோடு வந்த பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்தவள் அதைக் கவிழ்த்து அடியில் படித்துப் பார்த்தாள். ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று ஆங்கிலத்தில் அச்சுக் குத்தியிருந்தது. ஓவனோடு வந்த கிண்ணம், அதிலேயே எழுத்து. இதற்கு மேல் ஒரு மனுஷி யாரிடம் போய் விசாரிப்பாள்? கிண்ணத்தைக் கம்பி ஸ்டாண்டின் மேல் வைத்தாள். மேலே சூடேறுகிற கிரில் கம்பிக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நாலு விரற்கடை இருந்தால் அதிகம். பதினைந்து நிமிஷம் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனாள்.

மைக்ரோ அந்தக் கிண்ணத்தை ஒன்றும் செய்திருக்காது. கிரில் செய்தது. நாற்றம் வந்து ஓடி வந்தபோது பிளாஸ்டிக் உருகிக் கம்பி வழியே சொட்டிக்கொண்டிருந்தது, எண்ணெயில் தீ பற்றியிருந்தது. யாராக இருந்தாலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே காற்றுப் போனதும் தீ வெளியே வந்தது. வலது கை, உள்ளங்கை முதல் மணிக்கட்டு வரை.

எப்படிப் பயன்படுத்துவது என்று ஒருத்தரும் வந்து சொல்லவில்லை, புது ஓவன் கொடுங்கள் என்று கேஷவ் கம்பெனிக்குப் புகார் எழுதினான். கம்பெனி ஏஜென்சியைக் கேட்டது. ஏஜென்சி சூப்பர்வைசர் ஆல்வின், ஏஞ்சலைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பினான். ரயில்வே மேம்பாலத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினான்.

“இன்னா ஏஞ்சலு, அந்த வூட்டுக்குப் போனியா?”

“போனேன் சார்.”

“போனேன்னு சொல்றியா, நெஜமாவே போனியா?”

ஏஞ்சல் ரோட்டைப் பார்த்தாள்.

“சரி வுடு, எனக்குத் தெரிய வேணாம். கோடு கீது, டைம் கீது, அது போதும். நீ வந்தேன்னு சொல்லு. அவுங்க வரலைன்னு சாதிச்சாங்கன்னா கங்கம்மா மாதிரி நீயும் கோட்ட கழட்டிக் குடுக்க வேண்டியதுதான். என்னாண்ட வந்து அழாதே.”

வழி முழுக்க ஏஞ்சல் யோசித்தது ஒன்றைத்தான். அந்த மாமி ஒரே ஒரு உண்மை பேசினால் போதும், தன் வேலை போய்விடும். பொய் பேச அந்த அம்மாளுக்கு ஒரு காரணம் வேண்டும். அப்படி ஒரு காரணம் அவர்களிடம் இருக்க நியாயமில்லை.

இருந்தது. ஏஞ்சலுக்குத்தான் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன் கேஷவ் தன் டீம் லீடர் ஜெரோமைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்திருந்தான். எல்லோருக்கும் எவர்சில்வர் தட்டு, ஜெரோமுக்கு மட்டும் பேப்பர் தட்டு. அலம்ப வேண்டாமே, ஈசியா இருக்குமேன்னு பார்த்தேன் என்றார் மாமி. ஜெரோம் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனான். கேஷவ் நாலு நாள் அம்மாவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், இன்னொரு தரம் இந்த மாதிரி நடந்தால் நானும் ஸ்நேகாவும் தனியாகப் போய்விடுவோம் என்றான். எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை என்று வெளியில் பெருமை பேசுகிற பிள்ளை அவன்.

ஹாலில் ஸ்நேகா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கேஷவ் நின்றுகொண்டே பேசினான். யாரும் வரவில்லை, யாரும் சொல்லவில்லை என்று மூன்று விதமாகச் சொன்னான். ஆல்வின் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனைத் திறந்து வாசித்தான். பன்னிரண்டாம் தேதி, காலை பதினொன்று இருபது, டெமோ முடிந்தது, வாடிக்கையாளர் கோடு கொடுத்திருக்கிறார். கோடு போன போன் நம்பரின் கடைசி நான்கு எண்களையும் படித்தான்.

அது அம்மாவின் நம்பர். கேஷவ் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா ஏஞ்சலைப் பார்த்தார். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் பெரிதாக இருந்தது. வரவேண்டாம் என்று சொன்னேன் என்றால், ஏன் என்று பிள்ளை கேட்பான். கேட்பதற்கு முன்னாலேயே அவனுக்குப் பதில் தெரிந்துவிடும்.

“வந்தாளே,” என்றார் மாமி. “நன்னா சொல்லிக் கொடுத்தா. கிரில்லுல பிளாஸ்டிக் வெக்கப்படாதுன்னுகூடச் சொன்னா. நான் அன்னிக்கே ஸ்நேகாகிட்ட சொன்னேன்.”

ஸ்நேகா நிமிர்ந்தாள். “எங்கிட்டயா?”

“ஆபீஸ்லேர்ந்து வந்தும் போனைப் பார்த்துண்டே இருந்தே. தலையை ஆட்டினே.”

ஏஞ்சலுக்கு மூச்சு வந்தது. வேலை பிழைத்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வாசலுக்கு வரவேண்டாம் என்று சொன்ன வாய் இப்போது வந்தாளே என்று சொந்தம் கொண்டாடியது அவளுக்கு உறுத்தியது. தன்னைச் செலவில்லாமல் சாட்சியாக வாங்கிவிட்டார்கள் என்று தோன்றியது. என்ன செய்து காட்டினீர்கள் என்று கேஷவ் கேட்டபோது அவள் மேடம் என்ற சொல்லை விட்டுவிட்டாள்.

“கேசரி சார். மாமி கூடவே அடுப்படியில நின்னு கிண்டினேன். மாமிதான் நெய் எடுத்துக் குடுத்தாங்க.”

மாமியின் கை முந்தானையைத் தேடியது. “ஆமா,” என்றார்.

“சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னாங்க. இன்னொரு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.”

“ஆமா ஆமா. சர்க்கரைதான் ஒரு பிடி ஜாஸ்தி.” மாமி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அவரும் சளைத்தவர் இல்லை. “வெயில்ல வந்திருக்காளேன்னு காபி போட்டுக் கொடுத்தேன்.”

“டம்ளர்லதான் குடுத்தீங்க மாமி.”

“எவர்சில்வர் டம்ளர்தான். பின்னே எதுல கொடுப்பா?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நடக்காத அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் இவ்வளவு அன்னியோன்யமாக இருந்தார்கள் என்பது அவர்களுக்கே புதுச் செய்தி. ஆல்வின் போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

கேஷவ் முகம் மலர்ந்துவிட்டது. புகார், ஓவன், பெண்டாட்டியின் கை எல்லாம் ஒரு நிமிஷம் பின்னால் போய்விட்டன. அம்மா மாறிவிட்டாள். தன் அதட்டல் பலித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடேயே அவன் மனைவி பக்கம் திரும்பி, அம்மா சொல்லியிருக்கா இல்ல, கொஞ்சம் காதுல வாங்கியிருக்கலாம் என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

ஸ்நேகா மாமியாரைப் பார்த்தாள். பிறகு ஏஞ்சலைப் பார்த்தாள். இந்த வீட்டில் எந்த டம்ளர் யாருக்கு என்பதை அவள் வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்றாள் மாமியாரிடம், “இவா இன்னிக்கும் வெயில்லதான் வந்திருக்கா.”

மாமி எழுந்து போனார். உள்ளே பாத்திரங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போட்டன. இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் காபி வந்தது. அந்த வீட்டில் எல்லோரும் உதடு படாமல் அண்ணாந்து குடிப்பவர்கள். ஏஞ்சல் டம்ளர் விளிம்பில் வாயை வைத்து, அவசரமில்லாமல், மாமி பார்க்கப் பார்க்க உறிஞ்சிக் குடித்தாள். காபி பிரமாதமாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆல்வின் ஒரு படிவத்தை நீட்டினான். பயன்படுத்தியவரின் தவறு என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டு, ஓவனை இயக்கியவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். புது ஓவன் கிடைக்காது, அடுத்ததாக வாங்கினால் விலை குறைத்துத் தரச் சொல்கிறேன் என்று ஆறுதல் சொன்னான். ஸ்நேகா இடது கையால் பேனாவைப் பிடித்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் பெயர் மேலும் கீழுமாக விழுந்தது. பேப்பர் நகராமல் இருக்க கேஷவ் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

கையெழுத்து முடிந்ததும் ஸ்நேகா எழுந்தாள். “நான் அன்னிக்கு சரியா கேக்கலை போல இருக்கு. இன்னொரு தரம் சொல்லிடுங்கோ அக்கா.”

கருகிய ஓவனை பால்கனியில் வைத்திருந்தார்கள். ஏஞ்சல் அதன் முன் போய் நின்றாள். ஆயிரம் வீட்டில் ஒப்பித்த பாடம், வாய் தானாக ஆரம்பித்தது. காம்பிக்கும் கிரில்லுக்கும் சூடு தாங்குகிற கண்ணாடியோ பீங்கானோதான் வைக்க வேண்டும். இந்தக் கம்பி ஸ்டாண்டு கிரில்லுக்கு, காம்பிக்கு. வெறும் மைக்ரோவில் வைத்தால் பொறி பறக்கும். அணைத்த பிறகும் மேல் கம்பி வெகுநேரம் கொதிக்கும், கை படக் கூடாது. மேலே துணி போட்டு மூடி, காற்றுப் போகிற ஓட்டைகளை அடைக்கக் கூடாது. உள்ளே எதுவும் இல்லாமல் சும்மா ஓட விடக் கூடாது.

“பிளாஸ்டிக்?” என்றாள் ஸ்நேகா.

“கிரில்லுலயும் காம்பியிலயும் கூடாதும்மா.”

“சேஃப்னு போட்டிருந்தாலுமா?”

“போட்டிருந்தாலும்தான். அது வெறும் மைக்ரோவுக்கு மட்டும்.”

“கிண்ணத்துல அப்படி எழுதலையே.”

“புக்குல இருக்கும்மா.”

“தீப் பிடிச்சா?”

ஏஞ்சல் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினாள். “கதவைத் தொறக்கக் கூடாது. சுவிட்சை அணைச்சிட்டு, பிளக்கைப் பிடுங்கிட்டு, அப்படியே விட்டுடணும். காத்து கிடைக்காம உள்ளயே அணைஞ்சிடும்.”

ஸ்நேகா கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். “இவ்வளவுதானா?” என்றாள். “போன்லயே சொல்லியிருக்கலாமே அக்கா. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.”

ஏஞ்சல் கம்பி ஸ்டாண்டை எடுத்து, தேவையே இல்லாமல், நேராக வைத்தாள்.

ஆல்வின் வண்டியை எடுக்க முன்னால் இறங்கிப் போய்விட்டான். லிப்டு வரை ஸ்நேகா கூட வந்தாள். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள். “கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுக்கு ஒண்ணும் வராது. நான் யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். அன்னிக்கு நீங்க வந்தீங்களா?”

ஏஞ்சலுக்கு இப்போது உண்மை சொல்வதில் நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் சொன்ன விலையிலிருந்து ஒரு தரம் இறங்கினால் அப்புறம் எங்கே நிற்போம் என்று தெரியாது. அந்தப் பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

“வந்தேன்மா.”

ஸ்நேகா தலையாட்டினாள். “பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை,” என்றாள். “வெள்ளிக்கிழமையானா அம்மா சாயங்காலம் விளக்கேத்தற வரைக்கும் பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டா. பதினோரு மணிக்குக் கேசரி சாப்பிட்டாளாம். ரெண்டாம் ஸ்பூன் வேற கேட்டாளாம்.”

ஏஞ்சல் லிப்டு பொத்தானை இன்னொரு தரம் அழுத்தினாள்.

“அவருக்கும் தெரியும் அக்கா. சின்ன வயசுலேர்ந்து பார்க்கறவர்.” ஸ்நேகா திரும்பி நடந்தாள். கைப்பிடி வலது பக்கம் இருந்ததால் கதவைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கீழே ஆல்வின் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தவன் அதை வெளியிலிருந்தே தட்டிப் பார்த்துக்கொண்டான். அவள் மேல் அவனுக்குப் புதிதாக ஒரு மரியாதை வந்திருந்தது.

“செம ஏஞ்சலு நீ. கேசரி, நெய்யி, காபின்னு அளந்து வுட்டே பாரு. அந்த அம்மாவே நம்பிச்சு போல கீது.” சிரித்துவிட்டு லிஸ்டைப் பார்த்தான். “வண்டலூர்ல ஒரு கேஸு கீது. இதே மாதிரி ஓவன் எரிஞ்சி பேஜார் பண்ணிக்கினு கீறாங்க. ஒருத்தரும் வரலைன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அப்படியே அதையும் முடிச்சிடலாம், ஏறு.”

“அது யார் போன வூடு சார்?”

“யாரும் போவல. கங்கம்மா முன்னாடி வாங்குன இன்னொரு கோடு. நீ போனேன்னு சொல்லிக்க. இனிமே இந்த மாதிரி கேஸெல்லாம் உனக்குத்தான். அஞ்சு வீடு அலைய வேணாம், கால் வலியும் கெடயாது.”

ஏஞ்சல் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் நுழைந்தது. பிறகு அவன் தோளுக்குப் பக்கமாகக் குனிந்து கேட்டாள்.

“அங்க நான் இன்னா செஞ்சு காட்னேன் சார்?”